சாட்சிக்காக இடித்த சுவர்

அவரை யாரும் அடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னாளில் அவரே, "ரெண்டு அடி வாங்கிட்டுச் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று பலபேரிடம் புலம்பியிருக்கிறார். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கையில் எதையும் திணிக்கவில்லை. உட்கார நாற்காலி போட்டார்கள். அதில்தான் எல்லாம் கெட்டது.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சலவைக்கடை வைத்திருந்தார் அவர். முப்பது வருஷமாக வக்கீல்களின் கறுப்பு அங்கிகளைத் தேய்த்துக் கொடுக்கிறார். கறுப்புத் துணிமேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அங்கங்கே கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். அவர் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் பெட்டியை அழுத்தி, ஆவி அடங்கும்வரை பொறுமையாக நிற்பார். அவர் போட்ட மடிப்பு மூன்று வாய்தா வரை கலையாது என்று பேச்சு. அதனாலேயே வக்கீல்கள் அவரை மடிப்பு என்று கூப்பிட்டார்கள். "மடிப்பு, என் அங்கி ஆச்சா?" என்று வாசலில் நின்று கத்துவார்கள், வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். முப்பது வருஷத்தில் ஒருவரும் அவரை "உக்காருங்க" என்று சொன்னதில்லை. நின்று செய்கிற வேலைக்காரனுக்கு உட்காரத் தெரியும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அரசு வழக்கறிஞருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: நூறு. அவருடைய அலுவலக வாசலில் ஒரு பலகை தொங்கும். "இதுவரை பெற்றுத் தந்த தண்டனைகள்" என்று எழுதி, கீழே இரண்டு ஆணியில் இரண்டு தகர எண்கள். தேர்தலில் நிற்க அவருக்கு ஆசை. கட்சியின் நகரச் செயலாளர், "முழுசா நூறோட வாங்க, சீட்டைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நூறு கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூண்டில் ஏற்றினார். சைக்கிளில் விளக்கில்லாமல் போனதற்காக ஓட்டியவருக்கு ஒரு தண்டனை, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு தண்டனை, கண்டும் காணாமல் இருந்ததாக வழியில் நின்ற சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு தண்டனை. இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றார். வேட்புமனுவுக்கு நான்கு மாதம் இருந்தது.

அப்போதுதான் நகராட்சியின் பதிவேட்டுக் கிடங்கு எரிந்தது.

ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. மடிப்பு கஞ்சி போட்ட காலர்களை நீவிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவருக்கு மேலே புகை எழும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிடங்கு. "தீ, தீ" என்று கத்திக்கொண்டு கஞ்சிவாளியையே தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் பார்த்தது அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டில் மனைவியிடமும் அதைத்தான் சொன்னார். "பொகைதான் தெரிஞ்சுது. சுவர் மறைக்குதே, வேற என்ன தெரியும்?"

கிடங்கில் மின்கம்பி இழுக்கும் ஒப்பந்தம் எடுத்திருந்தவர் நகரச் செயலாளரின் மச்சான். அந்த வேலையைப் பற்றி நகராட்சி வயர்மேன் மூன்று கடிதம் எழுதியிருந்தார். "இந்தக் கம்பி தாங்காது, ஒருநாள் எரியும்" என்று மூன்றிலும் ஒரே வாசகம். மூன்று கடிதமும் இப்போது நூறின் மேஜைமேல் இருந்தன.

இரண்டு நாள் கழித்து மடிப்பைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தேய்க்க அங்கி வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

"வாங்க சார். உக்காருங்க" என்றார் நூறு.

மடிப்பு திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"உங்களைத்தான் சார்."

மெத்தை வைத்த நாற்காலி. அதன் நுனியில் பறவை மாதிரி ஒட்டிக்கொண்டார். தட்டு வைத்த கோப்பையில் தேநீர் வந்தது. கோப்பைக்குத் தட்டு எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை; மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு என்ன சார் பாத்தீங்க?"

"பொகை பாத்தேங்க."

"பொகைக்குக் கீழே?"

"சுவருங்க."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"அது தெரியாதுங்களே."

"ஒருத்தர் இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்..."

நூறு எழுத்தரைப் பார்த்தார். "எழுதிக்கோ. ஒருத்தர் இருந்தார்."

"ஐயா, நான் இருந்திருக்கலாம்னுதானே..."

"நீங்க சொன்னதைத்தான் சார் எழுதறோம். 'லாம்' மட்டும் எடுத்துட்டோம். கோர்ட்டுல 'லாம்' நிக்காது. வயர்மேன் உசரம் இருப்பாரா அந்த ஆளு?"

"எந்த வயர்மேன்? நம்ம வயர்மேனா?"

"எழுதிக்கோ. பேரை சாட்சியே சொன்னார்."

மடிப்பு கோப்பையைத் தட்டில் வைத்தார். வயர்மேன் வேற்றாள் இல்லை. கடையில் இஸ்திரிப் பெட்டியின் சுருள் எரிந்துபோகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி, "குடுங்கண்ணே" என்று வாங்கி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறவர். "அவரு நல்ல மனுஷங்க. எரியும் எரியும்னு அவருதான் எழுதிக்கிட்டே இருந்தாரு" என்றார்.

"அதேதான் சார்!" என்று நூறு மேஜையைத் தட்டினார். "எரியும்னு இந்த ஊர்ல எத்தனை பேருக்கு முன்கூட்டியே தெரியும்? ஒரே ஒருத்தருக்கு. ஒரு விஷயம் நடக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அதுக்குச் சட்டத்துல என்ன பேர்? திட்டம். மூணு தடவை எழுதியிருக்காரு. திட்டம் போட்டுத்தான் எழுதியிருக்காரு."

மடிப்பு வாயைத் திறந்தார். நூறு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை வைத்தார். "சார், ஒரு குற்றம் நடந்தா ஊருக்கே பயம். தண்டனை கிடைச்சாத்தான் அந்த பயம் போகும். யாருக்குக் கிடைச்சுதுங்கறது நிர்வாக விவரம். அதை நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒரு கௌரவமான மனுஷர். உங்க வார்த்தைக்கு இந்த வளாகத்துல எவ்வளவு மதிப்பு தெரியுமா?"

தெரியாது. அன்றுதான் தெரிந்துகொண்டார். கையெழுத்தும் போட்டார். வெளியே வரும்போது வாசற்காவலர் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். தான் சொல்வதால் மட்டும் என்ன ஆகிவிடும், வக்கீல் இருக்கிறார், நீதிபதி இருக்கிறார், அவர்கள் பார்க்க மாட்டார்களா என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்கிட்ட பொகைன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"யோசிச்சுப் பாத்தா ஆள் இருந்த மாதிரியும் இருக்கு."

"யோசிச்சா பாத்தீங்க? கண்ணால பாக்கலியா?" சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்தாள்.

அடுத்த வாரம் பயிற்சி. அலுவலகத்தின் பின்கட்டில் "சாட்சி மேம்பாட்டுப் பிரிவு" என்று ஓர் அறை. அதன் பொறுப்பாளரைப் பெரிய சாட்சி என்பார்கள். முப்பத்தெட்டு வழக்கில் கண்ணால் கண்டவர். ஒருமுறை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு திருட்டையும், பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஊரின் மறுகோடியில் ஒரு கத்திக்குத்தையும் பார்த்திருக்கிறார். நீதிபதி அவருடைய நடைவேகத்தைத் தீர்ப்பிலேயே பாராட்டினார். கண்ணில் புரை விழுந்தபிறகு ஓய்வு பெற்று, இப்போது மற்றவர்களுக்குப் பார்க்கக் கற்றுத்தருகிறார்.

"விரலை நீட்டு தம்பி" என்றார் பெரிய சாட்சி.

நீட்டினார்.

"இது வழி கேட்டவனுக்குக் காட்டற விரல். குற்றவாளியைக் காட்டற விரல் தோள்லேருந்து வரணும். மறுபடி."

மறுபடி நீட்டினார். "ஐயா, மறைக்காம சொல்றேன். நான் பாக்கவே இல்ல."

பெரிய சாட்சி அன்போடு சிரித்தார். "அதுதான் உன் பலம். பாத்தவன் குழம்புவான் தம்பி. சட்டை பச்சையா நீலமான்னு யோசிப்பான். பாக்காதவனுக்கு ஏது குழப்பம்? பாத்ததைச் சொல்லாதே. சொன்னதைப் பாரு. தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து தடவை பாரு. பழகிடும்."

மூன்று வாரம் பழக்கினார்கள். பாடம் முடிந்ததும் எழுத்துத் தேர்வு. "நேர்மையான சாட்சி, முதல் வகுப்பு" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். மடிப்பு அதைச் சுருட்டிப் பழந்துணிகளுக்கு அடியில் வைத்தார். மனைவி கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று தோன்றியது.

வழக்கு நாள் வந்தது. கூண்டில் வயர்மேன் நின்றார். நீலச்சட்டை. சட்டைக் கையின் மடிப்பைப் பார்த்ததுமே மடிப்புக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கைதாவதற்கு முந்தின நாள் தான் தேய்த்துக் கொடுத்த சட்டை அது. வயர்மேன் அவரைப் பார்த்து முகம் மலர்ந்தார். அப்பாடா, நமக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் வந்துட்டாரு என்கிற மலர்ச்சி. அதைப் பார்த்துக்கொண்டேதான் இவர் விரலை நீட்டினார். தோளிலிருந்து வந்தது. பயிற்சி வீண்போகவில்லை.

வயர்மேன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்தபின் போயிற்று.

அவருக்காக வாதாடியது இலவசச் சட்ட உதவியில் வந்த ஓர் இளம் வக்கீலம்மா. "உங்க கடைக்கும் கிடங்குக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை. "சுவருங்க" என்றார் மடிப்பு, பழக்கதோஷத்தில்.

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு ஆள் உயரமுங்க."

மன்றத்தில் சிரிப்பு கிளம்பியது. மடிப்புக்கு உள்ளே ஒரு பாரம் இறங்கியது. முடிந்தது, தப்பித்தோம், அவரும் தப்பித்தார், நானும் தப்பித்தேன் என்று நினைத்தார். நூறு கொஞ்சமும் கலங்காமல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, சாட்சி சொன்னது உருவகம். ஏழைத் தொழிலாளிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருக்கிற சமூகச் சுவரைச் சொல்கிறார். சந்தேகம் இருந்தால் நீதிமன்றம் நேரிலேயே வந்து பார்க்கட்டும்." வெள்ளிக்கிழமை இடத்தைப் பார்வையிடுவதென்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலை இடிக்கும் இயந்திரம் வந்தது. மடிப்பு பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நூறு குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, சுவரை ஏன் இடிக்கறீங்க?"

"சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கீங்க சார். உங்க வார்த்தை பொய்யாகலாமா? சாட்சியோட வார்த்தையை உண்மையாக்கறது அரசாங்கத்தோட கடமை. ஒரு சுவரைவிட உங்க நேர்மை எங்களுக்குப் பெரிசு."

மத்தியானத்துக்குள் சுவர் போய்விட்டது. செங்கலை வண்டியில் ஏற்றி, இடத்தைக் கூட்டி, வரிசையாகப் பூந்தொட்டிகளும் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நீதிபதி சலவைக்கடை மேஜை அருகே நின்று பார்த்தார். கிடங்கின் கரிந்த கதவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. "இங்க சுவர் இருந்துச்சு!" என்றாள் வக்கீலம்மா. "எங்கே? காட்டுங்க" என்றார் நூறு. அவள் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து நீட்டினாள். படத்தில் இருப்பது நகராட்சியின் சுவர்தான் என்று நகராட்சி சான்றளிக்க வேண்டும் என்றார் அவர். நகராட்சி மறுவாரமே பதில் அனுப்பியது: சுவர்களைப் பற்றிய பதிவேடுகள் மேற்படி தீவிபத்தில் எரிந்துவிட்டன, ஆகவே அங்கே சுவர் இருந்ததா என்று சொல்ல இயலாது, சொல்ல இயலாத சுவரை இருந்ததாகக் கருத விதியில் இடமில்லை.

வயர்மேனுக்கு ஏழு வருஷம்.

அன்று பிற்பகல் நூறின் பலகைக்கு மூன்றாவது ஆணி அடித்தார்கள். பலகை போதாமல் தச்சர் ஒரு துண்டு ஒட்ட வேண்டியிருந்தது. கைதட்டிய கூட்டத்தில் மடிப்பும் நின்றார். கையைத் தட்டாமல் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததால் தட்டினார்.

சீட் கிடைத்தது. கூட்டத்துக்குக் கூட்டம் மடிப்பைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேடையில் அவருக்கு நாற்காலி. "உண்மையின் சாட்சி" என்று மார்பில் ஓர் அட்டை. நூறு ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார்.

"எனக்கு அரசியல் ஆசைன்னு சொல்றாங்க. பொய்! அரசியலுக்குத்தான் என்மேல ஆசை. போகலாமான்னு என் மனசாட்சியைக் கேட்டேன். அதுவும் சாட்சிதானே? நான் சொல்லிக்குடுத்த மாதிரியே சரின்னு சொல்லுச்சு. நூறு பேரை உள்ளே அனுப்பியிருக்கேன். இந்தத் தொகுதியில இன்னும் ஒண்ணரை லட்சம் பேர் வெளியில இருக்கீங்க. உங்க ஒவ்வொருத்தருக்காகவும் உழைக்கக் காத்திருக்கேன்!"

ஒண்ணரை லட்சம் பேரும் கைதட்டினார்கள். அவர் வென்றார், சட்ட அமைச்சரும் ஆனார்.

மடிப்பு கடைக்குத் திரும்பினார். அங்கேதான் தண்டனை காத்திருந்தது. முன்பெல்லாம் தலையை நிமிர்த்தினால் சுவர் தெரியும். இப்போது கிடங்கின் கதவு தெரிந்தது. அங்கியின் கையை மடித்துவிட்டு நிமிர்ந்தால் கதவு, காலரைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கதவு. பார்க்கப் பார்க்க அதன் முன்னால் ஒரு நீலச்சட்டை குனிந்து நிற்பதுபோலவே தெரிய ஆரம்பித்தது. பெரிய சாட்சி சொன்னபடி பழகிவிட்டது. ஒருநாள் அந்தச் சட்டையையே வெறித்துக்கொண்டிருந்ததில் ஓர் அங்கியின் முதுகை ஓட்டையாகக் கருக்கிவிட்டார். முப்பது வருஷத்தில் முதல்முறை. மறுநாளிலிருந்து கடைவாசலில் ஒரு கோணியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்தார்.

அந்தக் கோணியை விலக்கிக்கொண்டுதான் ஒருநாள் வயர்மேனின் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சீருடை தேய்க்க வேண்டும். மடிப்புக்கு மேஜைக்குக் கீழே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றார்.

அவள் ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசினாள். "உங்கமேல எனக்குக் கோபம் இல்லண்ணா. நீங்க பாத்ததைச் சொன்னீங்க. நான் பண்ணல, பண்ணலன்னு அவரு என்கிட்ட அழுதாரு. நானும் முதல்ல நம்பினேன். அப்பறம் நீங்க வந்து சொன்னீங்க. உங்களைப் பத்தித்தான் எனக்குத் தெரியுமே. சட்டைப்பையில ஒரு பித்தான் இருந்தாக்கூடத் திருப்பிக் குடுக்கறவரு. அப்ப அவருதான் என்கிட்ட பொய் சொல்றாருன்னு..." நிறுத்தினாள். "மூணு மாசமா நான் பாக்கவே போகலண்ணா. சரிதானே நான் செஞ்சது?"

மடிப்பு பெட்டியை அழுத்திக்கொண்டு நின்றார். சீருடையிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. "நாளைக்கு வாங்கிக்கம்மா" என்றார். ஏழு வருஷச் சிறையை அரசாங்கம் கொடுத்தது என்று இதுவரை ஒரு சமாதானம் இருந்தது. இந்த மூன்று மாதம் முழுக்க முழுக்க அவர் கொடுத்தது. தன் நல்ல பெயரை வைத்தே கொடுத்திருக்கிறார்.

அவளிடம் சொல்லப் பயந்துகொண்டு அரசாங்கத்திடம் சொல்லப் போனார். நூறின் இடத்தில் அவருடைய உதவியாளர் அரசு வழக்கறிஞராகியிருந்தார். புதுப் பலகை. அதில் ஏழு.

"நான் பொய்ச்சாட்சி சொல்லிட்டேங்க."

"அப்படியா? நீங்க பொய் சொன்னதை யாராவது பாத்தாங்களா?"

"கோர்ட்டே பாத்துச்சுங்களே."

"கோர்ட் அதை உண்மைன்னுதானே பாத்துச்சு? பொய்னு பாத்த ஆள் யாராவது உண்டா? கண்ணால கண்ட சாட்சி இல்லாம நாங்க எதையும் எடுக்கறதில்ல."

"நானே சொல்றேனேங்க!"

"உங்களுக்கு நீங்களே சாட்சியா? நாளைக்கு எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா எங்களுக்கு என்ன வேலை?"

அமைச்சர் வீட்டுக்குப் போனார். "சாட்சி சார், வாங்க வாங்க" என்று நூறு எழுந்தே வந்தார். மடிப்பு உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நூறு கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நூத்துல ஒண்ணு போனா என்ன ஆகும் தெரியுமா? தொண்ணூத்தொம்பது. மக்கள் ஓட்டுப் போட்டது நூறுக்கு. மக்கள் தீர்ப்பைத் திருத்தச் சொல்றீங்களா?"

"அவரு செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்தானேங்க?"

நூறு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். மேடைக் குரல் இல்லாத குரலில், "உள்ளே... நல்லா இருக்காரா?" என்று கேட்டார். மடிப்பு பதில் சொல்வதற்குள் தன்னைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். "முதல் ஒண்ணுதான் சார் உறுத்தும். அப்பறம் பழகிடும். எனக்கு அந்த முதல் ஆள் யாருன்னே இப்ப ஞாபகம் இல்ல. பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்கேன்." சொல்லும்போது அவருடைய கை, சட்டைக் கைப்பித்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்தபிறகு மடிப்புக்கு அங்கே நிற்க முடியவில்லை.

நேராக வக்கீலம்மாவிடம் போனார். அவள் அழுத்தமாக ஒருமுறை பார்த்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். பிரமாண வாக்குமூலம் தயாராகி, மேல் நீதிமன்றத்துக்குப் போனது. புது அரசு வழக்கறிஞர் சுறுசுறுப்பாக இரண்டு வேலை செய்தார். பொய்ச்சாட்சி சொன்னதாக மடிப்பின்மேல் வழக்குப் போட்டார். அதே கையோடு மேல் நீதிமன்றத்தில், "இவர் பொய் சொல்பவர் என்று எங்கள் வழக்கிலிருந்தே தெரிகிறது, ஆகவே பொய் சொன்னேன் என்று இவர் சொல்வதையும் நம்பக்கூடாது" என்று எதிர்மனு போட்டார். ஒரே ஆளை ஒரே வாரத்தில் பொய்யர் என்றும் மெய்யர் என்றும் நிரூபிக்கும் முயற்சி சட்ட வட்டாரத்தில் மிகவும் பாராட்டப்பட்டது. மேல்முறையீடு ஏற்கப்பட்டு, எட்டு மாதம் தள்ளி ஒரு தேதி விழுந்தது. அந்தத் தேதி வரை வயர்மேன் உள்ளேயே இருக்க வேண்டும். வக்கீல்கள் அங்கிகளை வேறு கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

"இனிமே என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அந்தம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. சொல்ல வேண்டியவகிட்ட சொல்லல. எந்திரிங்க" என்று செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். தெருமுனை வரை கூடவே வந்தாள்.

வயர்மேனின் மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசற்படியிலேயே நின்றார். "அம்மா, நான் பாக்கல. பொகையைத்தான் பாத்தேன். அவரு சொன்னதுதான் நிஜம்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவரு அழுதாருண்ணா" என்றாள். "அழறதைப் பாத்துக்கிட்டே நான் எந்திரிச்சு வந்தேன்." பிறகு கதவைச் சாத்திவிட்டாள். மடிப்பு வெயிலில் நின்றார். போவதா இருப்பதா தெரியவில்லை. கால்மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பாக்க விடுவாங்க. நீங்களும் வாங்க. எனக்குத் தனியாப் போகத் தைரியம் இல்ல."

போனார்கள். சிறைவாசலில் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். வெளியே கட்டைப்பெஞ்சில் மடிப்பு காத்திருந்தார். இருபது நிமிடம் கழித்து அவள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் நடை வேறு மாதிரி இருந்தது.

"என்னம்மா சொன்னாரு?"

"வந்துட்டியான்னு கேட்டாரு. அவ்வளவுதான். அப்பறம் ரெண்டு பேரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்."

மடிப்பு தரையைப் பார்த்தார். "என்னைப் பத்தி..."

"வெளியில உக்காந்திருக்காருன்னு சொன்னேன். அடுத்த வாரம் உள்ள வரச் சொல்லுன்னாரு. நாலு மாசமா மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டு இருக்கேன், நேர்ல திட்டணும்னாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிப்பு பெயர் எழுதிக்கொடுத்து உள்ளே போனார். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் வயர்மேன் வந்து நின்றார். மெலிந்திருந்தார். இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். அண்ணே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வாடா போடா என்றுதான் எல்லாம். பெட்டிச் சுருளிலிருந்து தொடங்கி, நீலச்சட்டை, நீட்டிய விரல், மனைவி எழுந்து போனது என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் கம்பியைக் குத்தினார், மறுபடி தொடர்ந்தார். மடிப்பு கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார். இல்லை என்று எதற்கும் சொல்லவில்லை. எல்லாமே உண்மையாக இருந்தது. இருபது நிமிடம் ஆனதும் மணி அடித்தது. காவலர் வயர்மேனின் தோளைத் தொட்டார்.

"இன்னும் முடியல" என்றார் வயர்மேன், மூச்சு வாங்க.

"அடுத்த வாரம் வரேன்" என்றார் மடிப்பு.

"வரணும்."

"வருவேன்."